ஸ்ப்ளெண்டரா, ரைடரா: பழகுபவரின் முதல் வண்டி

பதினெட்டு வயது முடிந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வாக்குவாதம் ஒருநாள் வந்தே தீரும். அப்பா, "ஸ்ப்ளெண்டர் போதும்டா, எந்த ஊர்ல நின்னாலும் மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்ப்பான்" என்பார். பிள்ளை போனில் டிவிஎஸ் ரைடரின் படத்தைக் காட்டி, "இப்ப யாருப்பா ஸ்ப்ளெண்டர் வாங்குறா?" என்று கேட்கும். உண்மையில் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள், அது வேறு விஷயம். மைலேஜ், பிக்கப் என்ற இரண்டைச் சுற்றியே பேச்சு நாலு நாள் ஓடும். கடைசியில் பணம் கட்டுகிறவர் சொன்னது நடக்கும்.

இரண்டு தரப்பும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. பழகுகிற ஆளுக்கு முதல் வருடம் முழுக்க மைலேஜும் பிக்கப்பும் பெரிய விஷயமே இல்லை. கிளட்ச்சை விடத் தெரிய வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்கு வரத் தெரிய வேண்டும். குறுக்கே நாய் வந்தால் எந்த பிரேக்கை எவ்வளவு பிடிப்பது என்று கைக்கும் காலுக்கும் தெரிய வேண்டும். வண்டி சாய்ந்தால் தாங்கவும், கீழே போட்டுவிட்டால் தூக்கவும் வர வேண்டும். இந்த வேலைகளில் ஸ்ப்ளெண்டர் எப்படி, ரைடர் எப்படி என்று பார்த்தால் விடை ஷோரூம் விளம்பரத்தில் இருப்பதுபோல் இருக்காது. சில இடங்களில் பழைய வண்டிதான் நல்ல வாத்தியார். வேறு சில இடங்களில் அது கற்றுக்கொடுக்கும் பழக்கமே பிறகு தொல்லையாக முடியும்.

ஒப்பிட இந்த இரண்டையும் எடுத்ததற்குக் காரணம், காகிதத்தில் இவை ஏறக்குறைய ஒரே வகுப்பு என்பதுதான். இரண்டுக்கும் ஒரே லைசென்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டில் இரண்டும் 75 முதல் 150 சிசி வரையிலான ஒரே படியில் வருகின்றன. இரண்டிலும் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு இந்த இணைந்த பிரேக்கை 2019 ஏப்ரலிலிருந்து அரசு கட்டாயமாக்கியது. இருக்கை உயரம் ஒன்றில் 785 மில்லிமீட்டர், மற்றதில் 780. இவ்வளவு நெருக்கமான இரண்டு வண்டிகள் ஓட்டும்போது மட்டும் இவ்வளவு தள்ளி நிற்பதுதான் எனக்குச் சுவாரசியம். இங்கே நான் சொல்லும் ஸ்ப்ளெண்டர், இரண்டு பக்கமும் டிரம் பிரேக் உள்ள சாதாரண ஸ்ப்ளெண்டர் பிளஸ். ரைடர், முன்னால் டிஸ்க் உள்ள வகை.

வம்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டாக இருந்தபோது 1985-இல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து வந்த சிடி 100 வண்டியின் 97.2 சிசி என்ஜின்தான் 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டருக்கும் அடிப்படை. கூட்டு முறிந்து ஹீரோ மோட்டோகார்ப் ஆன பிறகும் அதே அளவு என்ஜின் தொடர்கிறது. 2020-இல் பிஎஸ் 6 விதிக்காகக் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்ததுதான் பெரிய மாற்றம். ரைடர் 2021 செப்டம்பரில் வந்தது, ஓசூர்க்காரர்களின் வண்டி. 124.8 சிசி, மூன்று வால்வு, ஐந்து கியர், பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர், டிஜிட்டல் திரை. முன்னது குடும்பத் தலைவரை மனதில் வைத்து உருவானது. பின்னது கல்லூரிப் பிள்ளையை.

முதலில் எட்டு போடுவதைப் பார்ப்போம். ஆர்டிஓ அலுவலகத்தில் காலை ஊன்றாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே என்ஜின் சக்திக்கு வேலையே இல்லை. நடை வேகத்தில் சாயாமல் திரும்புவதுதான் தேர்வு. ஸ்ப்ளெண்டரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம், 1236 மில்லிமீட்டர். ரைடருக்கு 1326. ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம் கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எட்டின் இடுப்பில் வளைக்கும்போது அது தெரியும். குட்டையான வண்டி குறுகிய இடத்தில் திரும்பும். எடையிலும் ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ரைடர் 123. ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால் என்ஜினின் கனமும் கீழேயே தங்குகிறது. மெல்ல ஓட்டும்போது வண்டி தலையை ஆட்டாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் 18 அங்குல ஒல்லிச் சக்கரங்கள் சின்னப் பள்ளங்களைச் சலனமில்லாமல் தாண்டும். ரைடரின் 17 அங்குலச் சக்கரமும் பருத்த பின் டயரும் வேகத்தில் தரும் பிடிமானத்தை நடை வேகத்தில் காட்ட வழியில்லை.

இருக்கை உயரம் ஒன்றுபோல என்றேன். அட்டவணையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிற இடம் இது. கால் தரையைத் தொடுவது உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல, தொடைக்கு நடுவே வண்டி எவ்வளவு அகலம் என்பதையும் பொறுத்தது. ஸ்ப்ளெண்டரின் டேங்கும் இருக்கையின் முன்முனையும் ஒடுங்கியவை. ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கும் ஒருவர் அதில் இரண்டு முன்பாதங்களையும் ஊன்றிவிடலாம். ரைடரில் டேங்கின் இரு பக்கமும் துருத்தும் பிளாஸ்டிக் கவசம் பார்க்க அழகு. உயரம் குறைந்தவருக்கு அது காலைக் கொஞ்சம் விரித்துவிடும். உயரமான பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கு ரைடரில்தான் முழங்கால் வசதியாக அடங்கும்.

இனி கியர். முதல் வண்டி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. பழகுபவரின் வாழ்க்கையை இவ்வளவு மாற்றுவது வேறொன்றும் கிடையாது.

ஸ்ப்ளெண்டரில் நியூட்ரல் ஓரத்தில் இருக்கிறது. நுனிக்காலால் முன்னால் மிதிக்க மிதிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறும். குதிகாலால் பின்னால் மிதித்தால் ஒவ்வொன்றாக இறங்கும். சிக்னலை நெருங்கும்போது பதறிப்போன ஆள்கூட, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, இனி இறங்காது என்று தட்டும்வரை குதிகாலை மிதித்தால் போதும், நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்துவிடும். நியூட்ரலைத் தேட வேண்டியதில்லை. செருப்புக் காலோடு ஓட்டுகிற நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு. காலால் எதையும் தூக்க வேண்டாம், மிதித்தாலே நடக்கும்.

ரைடரில் ஒன்று கீழே, நான்கு மேலே. நியூட்ரல் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். முதலிலிருந்து அரைத்தூக்கு தூக்கினால் நியூட்ரல், முழுத்தூக்கு தூக்கினால் இரண்டு. பழகாத கால் இந்த அரைக்கும் முழுசுக்கும் நடுவே சிக்னல் விழுந்த நேரமெல்லாம் அல்லாடும். நியூட்ரல் என்று நினைத்துக் கிளட்ச்சை விடுவார்கள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். ரைடரின் திரை எந்த கியரில் இருக்கிறோம் என்பதை எண்ணாகக் காட்டுவது பெரிய உதவிதான். ஆனால் பழகும் நாட்களில் கண் சாலையில் இருக்க வேண்டும், எண்ணைப் பார்க்கக் குனியும் ஒரு நொடியும் செலவுதான்.

இதோடு நிறுத்தினால் ஸ்ப்ளெண்டருக்கு வெற்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. நியூட்ரல் கடைசிப் படியில் இருப்பதால், இறக்கத்தில் கியர் குறைக்கப்போன கால் ஒரு மிதி கூடுதலாக மிதித்தால் வண்டி நியூட்ரலில் உருள ஆரம்பிக்கும். என்ஜின் பிடித்து நிறுத்தும் இழுப்பு அங்கே போய்விடும். மலைப்பாதையில் இது விளையாட்டில்லை. ரைடர் போன்ற அமைப்பில் கீழ்நோக்கி மிதித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது முதல் கியர். தப்பினாலும் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டில் இரண்டும் இருப்பது. அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் பழகிவிட்டு அண்ணனின் ரைடரை எடுக்கிறது பிள்ளை. மூன்றாவது கியரில் ஐம்பதில் போகும்போது அடுத்த கியர் போடுவதாக நினைத்து முன்னால் மிதிக்கிறது. ஸ்ப்ளெண்டரில் அது நான்கு. ரைடரில் அது இரண்டு. என்ஜின் அலறும், பின் சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும், ஈரச் சாலையாக இருந்தால் வால் வீசும். காலுக்குப் பழகியதைத் தலை சொல்லி மாற்ற முடியாது, குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. பெரிய வண்டிகள், புல்லட் உட்பட, இப்போது பெரும்பாலும் ரைடரின் வரிசையில்தான் வருகின்றன. அதனால் நாளைக்கு 200 சிசி, 350 சிசி என்று ஏறுகிற எண்ணம் இருப்பவர், முதல் வாரத்தின் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு ரைடரிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம். ஸ்ப்ளெண்டரோடே வாழ்க்கையை ஓட்டப்போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

கிளட்ச் விஷயத்தில் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக ரைடர்தான் கருணை உள்ளது. பழகுபவர் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு வண்டியை அணைப்பது ஏன்? அந்தக் கணத்தில் சக்கரத்தை உருட்டப் போதுமான திருகுவிசை என்ஜினிடம் இல்லாததால். ஸ்ப்ளெண்டரின் உச்சத் திருகுவிசை 8.05 நியூட்டன் மீட்டர், ரைடரின் உச்சம் 11.2. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ரைடர் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளும். ஸ்ப்ளெண்டரில் ஆக்ஸிலேட்டரைக் கூட்டி, கிளட்ச்சை நிதானமாக விட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த நிதானத்தைக் கற்றவர் பிறகு எந்த வண்டியையும் ஓட்டுவார் என்று பழைய ஆட்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் கற்பதற்குள் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டும் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அணைந்துவிடுமோ என்ற பயத்தில் வருகிற பழக்கம் அது. "தம்பி, அரைக் கிளட்ச்சுலயே ஓட்டாத, பிளேட் தேஞ்சுரும்" என்று மெக்கானிக் சொல்லாத பழகுநர் உண்டா?

பிரேக்குக்கு வருவோம். நம் வீடுகளில் பழகுபவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் தவறான பாடம், "முன் பிரேக்கைத் தொடாத, குப்புற விழுவ" என்பது. ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் எவ்வளவு பிடித்தாலும் வழுக்குமே தவிர நிறுத்தாது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் நாற்பதில் சமாளித்துவிடுவார், அறுபதில் முடியாது. வேகம் நாற்பதிலிருந்து அறுபது ஆனால், அதே பிரேக் பிடிப்பில் நிற்கத் தேவையான தூரம் இரண்டேகால் மடங்கு ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் கணக்கு இது.

இணைந்த பிரேக் வந்த பிறகு, பெடலை மட்டும் மிதிக்கிறவருக்கும் முன்னால் கொஞ்சம் பிடிக்கிறது. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' போதாது. கை லீவரைப் பழக வேண்டும். இங்கேதான் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. ஸ்ப்ளெண்டரின் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக் மெல்லப் பிடிக்கும். பயந்துபோய் லீவரை இறுக்கிப் பிடித்தாலும், அது உடனே சக்கரத்தைப் பூட்டிவிடாமல் இழுத்து இழுத்து நிறுத்தும். மணல் கிடக்கும் திருப்பங்களில், சாணி மெழுகிய தெருக்களில், மழை விட்ட தார்ச்சாலையில் இந்த மந்தம் பழகுபவரைக் காப்பாற்றியிருக்கிறது. ரைடரின் 240 மில்லிமீட்டர் டிஸ்க் அப்படியில்லை. இரண்டு விரல் போதும். காய்ந்த நல்ல சாலையில் அது தரும் நம்பிக்கைக்கு ஈடே இல்லை. ஆனால் நாலு விரலாலும் பதறிப்போய் அமுக்கினால், மணலில் முன் சக்கரம் நின்று வண்டி பக்கவாட்டில் படுத்துவிடும். ஏபிஎஸ் இருந்தால் இந்தப் பயம் குறையும். நான் இங்கே எடுத்துக்கொண்ட ரைடரில் அது இல்லை. இதே 125 சிசி வரிசையில் ஹீரோவின் எக்ஸ்ட்ரீம் 125 ஆர் 2024-இல் ஏபிஎஸ்ஸோடு வந்தது, பணம் கொஞ்சம் கூடப் போட முடிகிறவர்கள் அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஆக பிரேக்கில் யாருக்கு வெற்றி? ஊருக்குள் நாற்பதைத் தாண்டாதவருக்கு டிரம் போதும், பிழையை அது மன்னிக்கும். தினமும் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கோ, ஒத்தக்கடையிலிருந்து மேலூருக்கோ நெடுஞ்சாலையில் போகிறவருக்கு டிரம் பிரேக் உள்ள வண்டியை வாங்கித்தருவது, சிக்கனம் என்ற பெயரில் செய்கிற தவறு. அவர் ஒரு காலி மைதானத்தில் டிஸ்க் பிரேக்கைப் படிப்படியாக அமுக்கிப் பழகிவிட்டு அதோடு போவதுதான் நல்லது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிக்கப் என்று பிள்ளைகள் சொல்வதை அப்பாக்கள் ஸ்டைல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஸ்ப்ளெண்டருக்கு 8.02 குதிரைத்திறன், 112 கிலோ எடை. அறுபது கிலோ ஆள் ஒருவர் ஏறினால் நூறு கிலோவுக்கு 4.66 குதிரைத்திறன். ரைடருக்கு 11.38, எடை 123 கிலோ. அதில் அறுபது கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் நூறு கிலோவுக்கு 4.68. அதாவது இரண்டு பேரைச் சுமக்கும் ரைடரும், ஒருவரைச் சுமக்கும் ஸ்ப்ளெண்டரும் ஒரே தெம்பில் ஓடும். தங்கையைக் கல்லூரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அண்ணன், லாரியைத் தாண்ட எத்தனை நொடி எதிர்த்தடத்தில் நிற்கிறான் என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்ப்ளெண்டரில் இருவராக ஏறியவர்களைக் கேளுங்கள், இரண்டாவது கியரே துணை என்பார்கள். ஏறும், ஏறாமல் இல்லை. நேரமும் பொறுமையும் கேட்கும்.

ஆனால் இதே தெம்புதான் மறுபக்கம் பயமும். நிறுவனம் சொல்வதன்படி ரைடர் 5.9 நொடியில் அறுபதைத் தொடும், உச்ச வேகம் 99. முதல் மாதத்திலேயே அறுபது எளிதாக வந்துவிடுகிற வண்டியில், அறுபதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ப்ளெண்டர் எழுபதைத் தாண்டும்போது கைப்பிடியிலும் கால்மிதியிலும் நடுக்கத்தைக் காட்டித் தன் எல்லையைச் சொல்லிவிடும். ரைடரின் என்ஜின் அங்கே வழவழவென்று போகும், வேகம் ஏறியதே தெரியாது. அதில் ஈகோ, பவர் என்று இரண்டு ஓட்டும் முறைகள் இருந்தாலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கைதான்.

மைலேஜை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். விளம்பரத்தை விட்டுவிட்டு, ஊருக்குள் ஓட்டுகிறவர் கையில் ஸ்ப்ளெண்டர் லிட்டருக்கு அறுபது, ரைடர் ஐம்பத்திரண்டு கொடுக்கிறது என்று வைப்போம். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றுக்கு 167 லிட்டர், மற்றதற்கு 192. லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். நாலு நாள் வாக்குவாதம் நடந்தது இதற்குத்தான்.

உண்மையான செலவு வண்டியைக் கீழே போடுவதில் இருக்கிறது. பழகுகிறவர் போடுவார். அதுவும் வேகத்தில் அல்ல, பெரும்பாலும் நின்ற இடத்தில், யூ-டர்ன் எடுக்கும்போது, பக்க ஸ்டாண்டைச் சரியாகத் தள்ளாமல் இறங்கும்போது. ஸ்ப்ளெண்டர் விழுந்தால் பிரேக் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும், கண்ணாடி போகும். சந்தையோரக் கடையில் சில நூறு ரூபாயில் எல்லாம் கிடைக்கும், மெக்கானிக் அரைமணி நேரத்தில் நிமிர்த்தித் தருவார். ரைடரில் டேங்கின் பக்கக் கவசம் கீறும். அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை சாப்பாட்டில் கைவைக்காது. எல்இடி முகப்பு விளக்கு அடிபட்டால் பல்பு மாற்றுவதுபோல மாற்ற முடியாது, மொத்தமாக வாங்க வேண்டும். அதே விளக்கு தெருவிளக்கில்லாத கிராமச் சாலையில் ஸ்ப்ளெண்டரின் மஞ்சள் ஹாலோஜனைவிட வெகுதூரம் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இதனால்தான் பழகுவதற்கு மட்டும் என்றால் பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றை வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஒரு வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைத்து விற்றுவிடலாம், எப்போதும் ஆள் இருக்கும். 2020-க்கு முந்தையது என்றால் கார்புரேட்டர் வண்டி. பனிக்காலக் காலையில் சோக் இழுக்க வேண்டும், பெட்ரோல் குழாயில் ரிசர்வ் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது ஆர்சி புத்தகத்தில் தவணைக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றம் முடியும்வரை விற்றவரை விடாதீர்கள். பதினைந்து வருடம் நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உங்கள் தலையில் விழும்.

புது வண்டி என்றால் 2025 செப்டம்பரில் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இரண்டுமே கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட்டுக்கும் கணுக்காலை மூடும் ஷூவுக்கும் ஒதுக்கச் சொல்வேன். ரைடரின் கியரை நுனிக்காலால் தூக்கப்போகிறவருக்கு ஷூ எப்படியும் வேண்டும்.

வீட்டில் அம்மாவுக்கும் ஒரு வாக்கு உண்டு, அவரிடம் யாரும் கேட்பதில்லை. சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து கோவிலுக்கும் ரேஷன் கடைக்கும் போகிறவருக்கு ஸ்ப்ளெண்டரின் நீளமான தட்டை இருக்கைதான் இருக்கை. ரைடரின் பிரித்த இருக்கையில் பின்னவர் ஒரு படி உயரத்தில் உட்கார வேண்டும். ஓட்டுகிற பழகுநருக்கும் இது நல்லதல்ல. பின்னவர் உயரத்தில் இருந்தால் எடையும் மேலே போகும், நிற்கும்போது ஆட்டம் கூடும். ஒற்றை இருக்கை வைத்த ரைடரும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம். எப்படியானாலும் எல்எல்ஆர் கையில் இருக்கும்வரை, கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. எல் பலகையும் முன்னும் பின்னும் வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இரண்டுமே கிடையாது. பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும்தான். "எக்ஸ்எல் தானே" என்று கொடுக்கிறவர்கள் நினைப்பதுபோல அந்த 99.7 சிசி வண்டியும் அதில் வராது. பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் 2019 திருத்தத்தில் எழுதியிருக்கிறது.

ஸ்கூட்டரில் தொடங்கிய பெண்கள் பலர் இப்போது கியர் வண்டிக்கு வருகிறார்கள். சாலையைப் படிக்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இடது கையும் இடது காலும்தான் புதிது. இவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் ரைடரைச் சொல்வேன், காரணம் திருகுவிசையும் திரையில் தெரியும் கியர் எண்ணும். கியர் வண்டியில் எட்டு போட்டு வாங்கும் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கும் செல்லும், தலைகீழாகச் செல்லாது. சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டாத, உயரம் குறைந்த, ஊருக்குள்ளேயே சுற்றப்போகிற ஒருவருக்கு ஸ்ப்ளெண்டர், முடிந்தால் பழையது. நெடுஞ்சாலை தினசரி வேலை என்றால் ரைடர், ஆனால் முதல் ஒரு மாதம் ஊருக்குள். வீட்டில் ஏற்கெனவே ஸ்ப்ளெண்டர் நிற்கிறது, அதில்தான் பழகினீர்கள் என்றால், லைசென்ஸ் வந்து ஆறு மாதமாவது ரைடர் பக்கம் போகாதீர்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். டெஸ்ட் ரைடு கேட்டால் லைசென்ஸ் கேட்பார்கள். பழகுகிறவரிடம் அது இருக்காது. ஆக அப்பாவோ மாமாவோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஓட்டப்போவது அவரில்லை. பழகுகிறவர் வண்டியை ஓட்டாமலே சோதிக்க வழி இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்து இரண்டு காலும் எவ்வளவு ஊன்றுகிறது என்று பாருங்கள். உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளுங்கள், ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஒருமுறை திருப்புங்கள், கை வலித்தால் அந்த வண்டி உங்களுக்குக் கனம். என்ஜினை அணைத்த நிலையிலேயே வண்டியை லேசாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு முதல் கியர் போட்டு மறுபடி நியூட்ரலைக் கண்டுபிடியுங்கள், கண்ணால் பார்க்காமல், பத்து தடவை. விற்பனைப் பிரதிநிதி பொறுமையிழந்து கடன் தவணை அட்டவணையை அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருப்பார். நீட்டட்டும். பத்தில் எட்டு தடவையாவது விளக்கு எரியட்டும்.